வெயிலுக்கென்று படைக்கப்பட்டவை



சில ஆண்டுகளுக்கு முன், டெல்லியில் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்தபின், ஒரு சகோதரி என்னிடம் வந்து, "ஐயா, என் கையில் ஆசீர்வாதம் இல்லை. நான் நட்டதெல்லாம் கருகிப்போகிறது. அத்தையும் அதைத்தான் சொல்லுகிறார்கள். எனக்காக ஜெபியுங்கள்" என்று கண்ணீரோடு கூறினார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் பேசியது செடிகளைப்பற்றி. ஆனால் அவருடைய உள்ளத்தில் இருந்ததோ, தான் தொடுகிற எதுவுமே விளங்காது என்ற பயம்.

மறுநாள் நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். மே மாதம். மூன்றாம் மாடிக்குமேல் மொட்டைமாடி. அங்கே பன்னிரண்டு தொட்டிகள் இருந்தன. ஊரிலிருந்து ஆசையாய்க் கொண்டுவந்த வெற்றிலைக்கொடி, மணிபிளான்ட், பெரணி, பிகோனியா. எல்லாம் இலையின் ஓரம் தீய்ந்து, தண்டு துவண்டு கிடந்தன. "இவற்றை எங்கே வாங்கினீர்கள், அம்மா?" என்று கேட்டேன். "நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே செழிப்பாக இருந்தன, ஐயா" என்றார்.

நாங்கள் ஜெபித்தோம். பின்பு அவரிடம், "அம்மா, இதில் சாபம் ஒன்றும் இல்லை, உங்கள் கையிலும் குறை இல்லை. நிழலுக்கென்று படைக்கப்பட்ட செடிகளை நாள் முழுதும் வெயிலில் நிறுத்தியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்" என்றேன். நம் ஊர்க் கொடிக்கால்களை நினைத்துப்பாருங்கள். வெற்றிலையை யாரும் வெறும் வெயிலில் பயிரிடுவதில்லை. அகத்தியை முன்னதாக வளர்த்து, அதன் நிழலிலேயே கொடியை ஏற்றுவார்கள். ஊரிலே நாம் அறிந்திருந்ததை நகரத்திற்கு வந்தபின் மறந்துபோனோம்.

ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில், தேவன் பூண்டுகளையும் விருட்சங்களையும் அதனதன் வகையின்படியே முளைப்பித்தார் என்று வாசிக்கிறோம். ஆகையால் செடியைத் தெரிந்துகொள்ளுமுன் இடத்தை அறியவேண்டும். ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு மணிமுதல் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, நிழல் விழும் எல்லையைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். ஒரு நாளில் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ நேர் வெயில் விழுகிற இடமே முழு வெயில் இடம். தெற்கு நோக்கிய பால்கனியில், சூரியன் தாழ்ந்து செல்லும் குளிர்காலத்தில்தான் வெயில் உள்ளே மிகுதியாய் வரும். கோடையில் சூரியன் உச்சியில் நிற்பதால் அது குறையும். மொட்டைமாடிக்கோ ஆண்டு முழுதும் வெயில்தான்.

செடியின் இலையும் நமக்கு அடையாளம் சொல்லும். நிழல் செடிகளின் இலை பெரும்பாலும் அகன்று, மெல்லியதாய் இருக்கும். குறைந்த ஒளியைச் சேர்த்துக்கொள்ளும்படி அப்படி அமைந்திருக்கிறது. வெயில் செடிகளிலோ சிறிய இலை, தடித்த இலை, மெழுகு பூசியதுபோன்ற இலை, மயிர் அடர்ந்த இலை, நீரைச் சேர்த்துவைக்கும் தண்டு ஆகியவற்றைக் காணலாம். வெயிலைத் தாங்கும் ஆயுதங்களோடே சிருஷ்டிகர் அவற்றை அனுப்பியிருக்கிறார்.

அப்படிப்பட்ட சிலவற்றைச் சொல்லுகிறேன். முதலாவது, காகிதப்பூ என்று நாம் அழைக்கிற போகன்வில்லா. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நிறமுள்ளதாய் நாம் காண்பவை அதன் பூக்கள் அல்ல, பூவைச் சூழ்ந்த இலைகளே. உள்ளே இருக்கும் சிறிய வெண்மையான குழல்தான் மெய்யான பூ. தண்ணீரை அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் இலை தழைக்கும், பூ குறையும். சற்றுக் காயவிட்டால் பூத்துக் குலுங்கும்.

இரண்டாவது, நித்தியகல்யாணி. மடகாஸ்கர் தீவு இதன் தாயகம். சுடுகாட்டு மல்லி என்று பெயரிட்டு நம்மவர் சிலர் இதை வீட்டில் வைக்க அஞ்சுவார்கள். ஆனால் இச்செடியிலிருந்து 1950களிலும் 1960களிலும் பிரித்தெடுக்கப்பட்டவைதான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்னும் மருந்துகள். பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயின் சிகிச்சையில் வின்கிறிஸ்டின் இன்றும் பயன்படுகிறது. மனுஷர் தள்ளிவைத்ததைக் கொண்டு தேவன் குழந்தைகளைப் பிழைக்கச் செய்கிறார். (நாமாக இலையைப் பறித்து மருந்தாக உண்ணக்கூடாது; அதில் நஞ்சும் உண்டு.)

டேபிள் ரோஸ், செண்டுமல்லி, செம்பருத்தி ஆகியவையும் வெயிலை விரும்புபவை. செம்பருத்திக்குப் பெரிய தொட்டியும் கோடையில் தினமும் தண்ணீரும் வேண்டும். மல்லிகையும் முழு வெயிலில்தான் நன்றாய்ப் பூக்கும். குளிர் முடிகிற வேளையில் கிளைகளைக் கழித்துவிட்டால், கோடை மாலைகளில் மாடியில் குடும்ப ஜெபத்திற்கு அமருகிறவர்களுக்கு அதன் வாசனை கிடைக்கும். அரளியும் பாலைவன ரோஜாவும் வெயிலுக்கு அஞ்சாதவை; ஆனால் இரண்டும் நஞ்சுள்ளவை. ஆகையால் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்கவேண்டாம்.

சமையலுக்கென்றால், வெண்டையையும் கொத்தவரையையும் வட இந்தியாவில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விதைக்கலாம். ராஜஸ்தானின் வறண்ட நிலங்களில் விளைகிற கொத்தவரைக்கு நம் மாடி வெயில் புதிதல்ல. மிளகாயும் கத்தரியும் வரும். தக்காளியோ கடும் வெப்பத்தில் பூவை உதிர்த்துவிடும்; கொத்தமல்லி சீக்கிரம் பூத்து முற்றிவிடும். இவ்விரண்டையும் டெல்லியில் குளிர்காலத்தை ஒட்டி வையுங்கள். வெயிலை விரும்பும் செடிக்கும் காலம் உண்டு.

இனி பராமரிப்பு. நர்சரியின் வலைக்குக் கீழிருந்து வந்த செடி எதுவானாலும் உடனே வெயிலில் வைக்காதீர்கள். ஏழு முதல் பத்து நாள் வரை, காலை வெயிலில் தொடங்கிச் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். மே மாதத்தில் புதுச்செடி நடாதீர்கள். பிப்ரவரியும் மழைக்காலமும் ஏற்றவை. சிறிய கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி வெயிலில் சூடேறி வேரை அவித்துவிடும். மண்தொட்டியே நல்லது. அதைச் சுடுகிற தளத்தின்மேல் வைக்காமல் செங்கல்லின்மேல் வையுங்கள். தேங்காய் நாரையோ காய்ந்த இலையையோ மண்ணின்மேல் பரப்புங்கள். வெயில் ஏறுமுன் தண்ணீர் ஊற்றுங்கள். கோடையில் மாடிக் குழாயில் முதலில் வருவது வெந்நீர். அதைப் பிடித்து ஆறவைத்துவிட்டுப் பிறகு ஊற்றுங்கள். வாடகை வீடானால், தளத்தின் பாரத்தையும் நீர்க்கசிவையும் குறித்து வீட்டுக்காரரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுவது சாட்சியுள்ள வாழ்க்கைக்கு ஏற்றது.

இவற்றையெல்லாம் அந்தச் சகோதரியிடம் சொல்லிவிட்டு வீடு திரும்புகையில், கர்த்தர் என்னோடு பேசினார். எங்கள் சபையில் ஒரு வாலிப சகோதரன் இருந்தார். மிகவும் அமைதியானவர். ஞாயிறுதோறும் முதல் ஆளாய் வந்து பாய் விரிப்பார். யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் இரவில் துணைக்குத் தங்குவார். நான் அவரை ஆராதனை நடத்தும்படி மேடையில் நிறுத்தினேன். மூன்று வாரம் தடுமாறினார். "உமக்கு விசுவாசம் போதாது; இன்னும் ஜெபியும்" என்று கடிந்துகொண்டேன். நான்காம் வாரம் அவர் சபைக்கு வரவில்லை. நிழலில் நின்று அநேகருக்குப் பயன்பட்டவரை வெயிலில் நிறுத்தி, அவர் வாடினபோது அவரையே குற்றப்படுத்தினேன். சகோதரியின் கையைக் குறைசொன்ன மாமியாருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அன்று மாலையே அவருடைய அறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பிவரச் சில மாதங்கள் ஆயின. இன்று வியாதியஸ்தரைச் சந்திக்கும் ஊழியத்தை அவரே நடத்துகிறார்.

பிரியமானவர்களே, வாடினதெல்லாம் சாபத்தினால் வாடினதல்ல. மத்தேயு 13-ம் அதிகாரத்தில், கற்பாறை நிலத்தில் முளைத்தது வெயிலில் தீய்ந்துபோனதற்குக் காரணம் அதற்கு வேர் இல்லாமையே என்று ஆண்டவர் விளக்கினார். அதே வெயில்தானே நல்ல நிலத்தின் கதிரையும் முற்றச்செய்தது! யோனாவுக்கு நிழல் கொடுத்த ஆமணக்கைப் பாருங்கள். அது வெயிலில் வளருகிற செடி. உஷ்ணமான கீழ்க்காற்று வருமுன்னமே பூச்சி அரித்ததினால் அது காய்ந்துபோயிற்று. ஆகவே ஒன்று வாடும்போது, "இதற்கு ஏற்ற இடம் இதுதானா? வேருக்கு ஆழம் உண்டா? பூச்சி ஏதேனும் அரிக்கிறதா?" என்று முதலில் ஆராய்வோம். செடியானாலும், பிள்ளையானாலும், மருமகளானாலும், சபை விசுவாசியானாலும் அப்படியே. குற்றப்படுத்துகிற வார்த்தை எந்த வேருக்கும் நீராகிறதில்லை.

அந்த மாடியில் எஞ்சியிருந்த வெற்றிலைக்கொடியை நிழலான படிக்கட்டு ஓரத்திற்கு மாற்றினார்கள். மழைக்காலத்தில் நித்தியகல்யாணியும், மல்லிகையும், ஒரு கறிவேப்பிலையும் வைத்தார்கள். அடுத்த ஜனவரியில் டெல்லியின் குளிரில் கறிவேப்பிலை இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாய் நின்றது. சகோதரி மனமுடைந்து அதைப் பிடுங்கப் போனாராம். மாமியார் தடுத்து, நகத்தால் பட்டையைச் சற்றுக் கீறி, உள்ளே இருந்த பசுமையைக் காட்டி, "உயிர் இருக்கிறது, பொறு" என்றார்களாம். மார்ச் மாதத்தில் அது துளிர்த்தது. அன்றைய குழம்புக்கு முதல் கொத்தை மாமியார்தான் பறித்தார்கள் என்று அந்தச் சகோதரி சாட்சியாகச் சொன்னார்.

நம் ஒவ்வொருவரையும் அறிந்து, ஏற்ற இடத்தில் நடுகிற கர்த்தர், அந்நிய நகரங்களில் குடியிருக்கிற உங்கள் குடும்பங்களை வேரூன்றச் செய்து, உஷ்ண காலத்திலும் பச்சையாய்க் காத்துக்கொள்வாராக. ஆமென்.