தெருமுனை டிரான்ஸ்பார்மரும் நம் கடை சுவிட்சும்

கோடை வந்துவிட்டால் மாலை வியாபார நேரத்தில் கடைவீதி இருண்டுபோவதும், நாம் மின் அலுவலகத்தைக் குறை கூறுவதும் வாடிக்கையாகிவிட்டன. குறை கூற நமக்கு உரிமை உண்டு, கட்டணம் கட்டுகிறோம். ஆனால் தெருமுனைக் கம்பங்களுக்கு நடுவே நிற்கும் அந்த டிரான்ஸ்பார்மர் படும் பாட்டில் நம் பங்கும் இருக்கிறது.

மின்சாரத்தைக் குறைந்த அழுத்தத்தில் நெடுந்தூரம் அனுப்பினால் கம்பி சூடேறியே பெரும்பகுதி வீணாகும். அழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால் அதே மின்சக்திக்குப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். அதே கம்பியில் இழப்பு நூறில் ஒரு பங்காகிவிடும். ஆகவேதான் மின் நிலையத்திலிருந்து 2,30,000 வோல்ட், 4,00,000 வோல்ட் என்று ஏற்றி அனுப்புகிறார்கள். துணை மின் நிலையங்களில் படிப்படியாக 11,000 வோல்ட்டாக இறக்கி நம் தெருவுக்குக் கொண்டுவருகிறார்கள். மொத்தமாக வாங்கிச் சில்லறையாகப் பிரிக்கும் நமக்கு இது புரியாத கணக்கல்ல. கடைசிச் சில்லறைக் கடைதான் தெருமுனை டிரான்ஸ்பார்மர். 11,000 வோல்ட்டை வாங்கி, மூன்று பேஸ்களில் 433 வோல்ட்டாகத் தருகிறது. ஒரு பேஸ் இணைப்புள்ள கடைக்குச் சுமார் 240 வோல்ட் வந்து சேருகிறது.

அதற்குள் ஓடும் பாகம் எதுவும் இல்லை. மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய சட்டம், அதன்மேல் இரண்டு கம்பிச் சுருள்கள், அவ்வளவுதான். ஒரு சுருளில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது இரும்பில் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். அது அடுத்த சுருளில் மின்சாரத்தைத் தூண்டும். சுற்றுகள் குறைந்தால் அழுத்தமும் குறையும். 1831-ல் பாரடே கண்டறிந்த தத்துவம் இது. சூட்டைத் தணிக்கவும் மின்கசிவைத் தடுக்கவும் எண்ணெய் நிரப்பியிருக்கிறார்கள். அந்தச் சூடுதான் எமன். சுருளைச் சுற்றியுள்ள காகித உறை, அளவுக்கு மேல் ஏறக்குறைய 6 டிகிரி கூடுதலாகச் சூடானாலே பாதி ஆயுளை இழக்கும் என்பது பொறியாளர்கள் கணக்கு.

100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒவ்வொரு பேஸிலும் சுமார் 133 ஆம்பியர் தாங்கும். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும். ஒரே பேஸில் இருபது ஏ.சி. ஓடினால் கதை முடிந்தது! விளக்குக்கும் மின்விசிறிக்கும் எழுதி வாங்கிய இணைப்பில் நாம் ஏ.சி.யையும் ஐஸ்கிரீம் பெட்டியையும் சேர்த்துவிட்டோம். கூடுதல் பளுவை எத்தனை பேர் பதிவு செய்தோம்? நம்மிடம் கணக்கில்லாத சுமை அலுவலகத்தின் கணக்கில் எப்படி ஏறும்?

இன்னொன்று. ஒரு பேஸ் போனதும் மூன்று பேஸ் வசதியுள்ள கடைகளில் என்ன செய்கிறோம்? சுவிட்சை அடுத்த பேஸுக்குத் திருப்புகிறோம். எல்லாக் கடையும் ஒரே நிமிடத்தில் திருப்பினால் அந்தப் பியூஸும் போகிறது. பிறகு யாரையாவது விட்டுத் தடித்த கம்பியைப் போடச் சொல்கிறோம். உயிருக்கு ஆபத்து என்பது ஒருபுறம். எரிய வேண்டிய பியூஸ் எரியாமல், எரியக்கூடாத சுருள் எரிகிறது. புதியது வந்து மாட்டும்வரை தெரு முழுவதும் ஜெனரேட்டர் புகைதான்.

கூடுதல் பளுவுக்குக் கட்டணம் உண்டு என்று தயங்குகிறவர்கள், ஒரு வாரம் ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசலைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொரு கடையின் உண்மையான பளுவையும், எந்தப் பேஸில் ஓடுகிறது என்பதையும் எழுதித் தந்தால், சங்கத்தின் மூலம் பேஸ்களைச் சமன் செய்யவும் இன்னொரு டிரான்ஸ்பார்மர் அமைக்கவும் மனுக் கொடுக்கலாம்.