‘வந்ததை அனுப்பினேன்’ என்பது பதிலாகாது

நம் வயதுக்காரர்கள் கையில் கைபேசி வந்த பிறகு ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழுகிறது: "வந்ததை அப்படியே அனுப்பினேன், எனக்கென்ன தெரியும்?" இப்படிச் சொல்பவர்களில் பலர் என்னைப் போல அரசாங்க அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்கள். அங்கே ஒரு தாளையாவது படிக்காமல் இனிஷியல் போட்டிருப்போமா? ஆடிட் வந்து கேட்டால், "மேசைக்கு வந்தது, மேலே அனுப்பினேன்" என்று சொல்லித் தப்ப முடிந்ததா? மெமோ அல்லவா வரும்!

சென்ற வருடம் ஓய்வூதியர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில், ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சங்கப் பணத்தைச் சுருட்டிவிட்டார் என்று ஒரு செய்தி சுற்றியது. கணக்குப் பார்த்ததில் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் அந்த மனிதர் பீச் ரோட்டுக்குக் காலை நடை வருவதையே நிறுத்திவிட்டார். செய்தியைப் பரப்பியவர்களில் ஒருவர்கூட அவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. கேட்டால் ஆளுக்கொரு சமாதானம்.

ஒருவர், "66ஏ-வைத்தான் 2015இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்துவிட்டதே" என்றார். அது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் ஒரு பிரிவு. அவதூறுச் சட்டம் வேறு. அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று 2016இல் அதே நீதிமன்றம்தான் சொன்னது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆம் பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை உண்டு. நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்கும் தனியாகப் போடலாம்.

இன்னொருவர், "பெயரைப் போடவில்லை, கேள்விக்குறியும் போட்டேன்" என்றார். நான் பிரெஞ்சில் படித்தவன். கட்டுரையில் 'ஒன் தி', அதாவது 'சொல்லிக்கொள்கிறார்கள்' என்று எழுதினால், எங்கள் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்து ஓரத்தில் 'கி?' என்று எழுதுவார். யார் சொன்னது? பிரான்சின் 1881ஆம் வருடப் பத்திரிகைச் சட்டமும் அதையேதான் கேட்கிறது. சந்தேகமாகச் சொன்னாலும், பிறர் சொன்னதை எடுத்து வெளியிட்டாலும், பெயர் இல்லாமலே ஆள் இன்னாரென்று தெரிந்தாலும் அது அவதூறுதான். வானொலிகூட இல்லாத காலத்தில் எழுதிய சட்டம். நம் ஊர்ச் சட்டத்திலும் கிண்டலாகச் சொன்னேன் என்பது தப்பிக்கும் வழி அல்ல.

மூன்றாமவர், "அழித்துவிட்டேனே" என்றார். 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை முகநூலில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகரும் அதை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். அந்த வழக்கின் பிரிவுகள் வேறு, பாடம் ஒன்றுதான். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. பகிர்ந்தவர் அதை ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள், விட்ட அம்புக்கு விட்டவரே பொறுப்பு என்றது. உச்சநீதிமன்றமும் தலையிடவில்லை.

பெரிய மனிதர்கள் இந்தச் சட்டத்தைக் காட்டி எளியவர்களின் வாயை அடைக்கிறார்கள் என்பது உண்மை. அதை நானும் எதிர்க்கிறேன். ஆனால் பொதுநன்மைக்காகச் சொல்லும் உண்மைக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். நம் ஸ்டோர்கீப்பர் மந்திரியும் அல்ல, முதலாளியும் அல்ல. அவர் வக்கீல் வைத்து வழக்காட மாட்டார் என்ற தைரியத்தில்தானே இவ்வளவும்?

ஆகவே நண்பர்களே, அனுப்பும் பொத்தானை அழுத்துவதும் இனிஷியல் போடுவதும் ஒன்றுதான். கையெழுத்துப் போடத் தயங்குகிற செய்தியை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள், எந்தக் குழுவில் போட்டார்களோ அதே குழுவில், தம் பெயரோடு, "அது தவறு" என்று எழுதட்டும். ஓசைப்படாமல் அழித்துவிட்டால் போன மானம் திரும்பி வராது.