பதில் சொல்ல ஆள் உண்டா?

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழி. கருவியைக் குறை சொல்லும் தொழிலாளியின் வாயை இதைச் சொல்லித்தான் அடைக்கிறோம். ஆனால் கூடம் மெய்யாகவே கோணலாக இருந்தால் என்ன செய்வது?

விஜயபுரம், நகரி, புத்தூர் வட்டாரத்தில் தறி வேலை, கொத்து வேலை, தச்சு வேலை, வயரிங் வேலை செய்யும் நம்மவர்களில் பலர் கருவிகளைச் சொந்தக் காசில்தான் வாங்குகிறார்கள். பேருந்து நிலையத்து ஓரத்திலும் சந்தையிலும் தார்ப்பாய் விரித்து, பளபளவென்று குவித்திருக்கும் ஸ்பானரும் கட்டிங் பிளேயரும் பாதி விலை, கால் விலை. அன்றாடக் கூலிக்காரர் அதைக் கையில் எடுப்பதில் வியப்பு இல்லை. அது பேராசையும் அல்ல, பை அவ்வளவுதான்.

கேடு பிறகு வருகிறது. பதம் போடாத மெல்லிய இரும்பில் செய்த ஸ்பானரின் வாய் நாலு போல்ட்டை முடுக்கியதும் விரிந்துவிடும். விரிந்த வாய் போல்ட்டின் மூலையைத் தேய்த்துவிடும். அப்புறம் நல்ல ஸ்பானர் கொண்டுவந்தாலும் அந்த போல்ட் அசையாது. வழுக்கிய கை தறியின் இரும்பில் மோதும். அளவுக்கு மீறிக் கடினமாக்கிய சுத்தியலோ அடிக்கும்போது சில்லாகத் தெறிக்கும். அது போய்ச் சேரும் இடம் கண்ணாக இருக்கலாம். மிச்சம் பிடித்த ஐம்பது ரூபாய்க்கு ஒரு நாள் கூலியும் போய் மருத்துவச் செலவும் சேர்ந்தால், அது மலிவா?

அதற்காக விலை குறைந்ததெல்லாம் மட்டம் என்று சொல்லிவிட முடியாது. ஊர்க் கொல்லர் பட்டறையில் அடித்த உளியும் கடப்பாரையும் மலிவுதான். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. முனை மழுங்கினால் அவரிடமே கொண்டுபோய் மறுபடி பதம் போட்டு வாங்குகிறோம். அங்கே பொருளுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். சந்தையில் விற்றவர் மறுவாரம் எந்த ஊரில் இருப்பாரோ தெரியாது. மலிவுப் பொருளை எடைபோட இந்த ஒரு கேள்வி போதும்: கெட்டுப்போனால் பதில் சொல்ல ஆள் உண்டா?

முதலில் நம் கண்ணும் கையும் பதில் சொல்லட்டும். பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வாய் சீராகச் சேர வேண்டும், இணைப்பு ஆணி ஆடக் கூடாது. கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருந்தால் மட்டும் அது மின்சாரத்துக்குக் காப்பு ஆகிவிடாது. 1000 வோல்ட் என்று பொறித்திருக்க வேண்டும். ஸ்பானரின் வாயில் ஓர் அரத்தால் லேசாகத் தேய்த்துப் பார்க்கலாம். அரம் எளிதில் கடித்தால் இரும்பு மெத்து, வழுக்கினால் பதம் ஏறியது. பித்தளை என்று கொடுக்கும் குழாய்க்கு ஒரு காந்தம் போதும். ஒட்டினால் உள்ளே இரும்பு. மின்கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அளவு டேப்பின் கொக்கி சற்று ஆடினால் மட்டும் பயப்பட வேண்டாம். உள்ளளவும் வெளியளவும் சரியாக வருவதற்காகக் கொக்கியின் கனத்துக்கு அது நகரும்படியே செய்கிறார்கள்.

கண்ணால் காண முடியாததற்கு முத்திரை இருக்கிறது. 1947-இல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனம் 1987 முதல் இந்தியத் தர அமைவனமாகிவிட்டாலும், ஐ.எஸ்.ஐ. முத்திரை அதே பெயரில் நீடிக்கிறது. முத்திரைக்கு மேலே தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். வெறும் முத்திரையை யாரும் அச்சடிக்கலாம். உரிம எண்ணை அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் தட்டினால் அது யாருடையது என்பது தெரிந்துவிடும். வீட்டு வயரிங்குக்கான பி.வி.சி. கம்பிக்கு, ஐ.எஸ். 694 தரப்படி, இந்த முத்திரை கட்டாயம். அதில் மட்டும் மலிவு பார்க்கவே கூடாது. வீடு எரிந்தால் ஈடு ஏது?

மூன்றாவது, ரசீது. 'ரசீது வேண்டாம் என்றால் பத்து ரூபாய் குறைவு' என்பார்கள். அந்தப் பத்து ரூபாய்க்கு நம் வழக்கையே விற்றுவிடுகிறோம். ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 'தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோர் அல்ல' என்று யாரும் மிரட்டவும் முடியாது. சுயதொழிலால் பிழைக்க வாங்கிய கருவிக்கும் சட்டம் துணை நிற்கிறது.

எல்லையில் வாழும் நமக்கு இன்னொரு நன்மையும் உண்டு. திருத்தணியிலோ சென்னைப் பாரிமுனையிலோ வாங்கிய பொருளுக்கு, முன்பெல்லாம் பெரும்பாலும் கடைக்காரர் இருக்கும் மாவட்டத்துக்கே போய் வழக்குப் போட வேண்டியிருந்தது. புதிய சட்டப்படி நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, சித்தூரானாலும் திருப்பதியானாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தமிழிலேயே முறையிட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக, அலுவலகங்களில் கோப்பு எழுதும் குமாஸ்தா நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 'சுத்தியல் பத்து, ஸ்பானர் இருபது' என்று மட்டும் எழுதி விலைப்புள்ளி கேட்டால், குறைந்த விலைக்காரர் மட்டமான சரக்கையே கொண்டுவருவார். அவர் மேல் குறை சொல்லவும் வழி இருக்காது. தர எண்ணையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். உங்கள் பேனாவின் அந்த ஒரு வரி, முகம் தெரியாத ஒரு தொழிலாளியின் விரலைக் காப்பாற்றும்.

கருவி தேய்ந்தால் வேறு வாங்கலாம். கை போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.