எழ மறுக்கும் லாரியும் ஒரு சகோதரியின் கடிதமும்



நீலகிரி மலையிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியுள்ளார். பெயரும் ஊரும் வெளியிட வேண்டா என்று கேட்டிருப்பதால் செய்தியை மட்டும் தருகிறோம். அவருடைய கணவர் சொந்த லாரியில் காரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டு செல்பவர். பனி விழத் தொடங்கிவிட்டால் விடியற்காலையில் வண்டி உயிர் பெறுவதில்லை. சரக்கு தாமதமாகிறது, தாமதமான சரக்குக்கு விலை விழுகிறது, வங்கித் தவணை நிற்கிறது. "வண்டிமேல் உள்ள கோபத்தைப் பிள்ளைகள்மேல் காட்டுகிறார், சாமி. ஏதாவது நவநாள் செபம் இருந்தால் சொல்லுங்கள்" என்று கடிதத்தை முடிக்கிறார்.

அதற்கு முன்னே, போகிற போக்கில் ஒரு வரி இருக்கிறது. காலையில் வண்டி மக்கர் செய்யக் கூடாதென்று இப்போதெல்லாம் இரவு முழுவதும் என்ஜினை ஓடவிட்டு, கணவரும், கிளீனராக இருக்கும் இச்சகோதரியின் தம்பியும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு கேபினுக்குள்ளேயே உறங்குகின்றனராம். சில இரவுகளில் தகர வாளியில் கரி நெருப்பும் உண்டாம்.

நவநாள் செபத்தைச் சகோதரி தாராளமாகச் செய்யட்டும். நாமும் திருப்பலியில் அக்குடும்பத்தை நினைவுகூர்கிறோம். ஆனால் அந்த ஒரு வரியைப் படித்த பின் இதழ் அச்சாகும்வரை காத்திருக்க நம்மால் இயலவில்லை. கடிதத்தில் கண்ட எண்ணில் அன்றிரவே கணவரை அழைத்துப் பேசினோம். லாரியைப் பற்றிப் பேசுமுன் கரி வாளியைப் பற்றிப் பேசினோம்.

கரி எரியும்போதும் என்ஜின் ஓடும்போதும் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு எழுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணும் எரியாது. நம் இரத்தம் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இந்நஞ்சைப் பற்றிக்கொள்கிறது. விழித்திருப்பவனுக்குத் தலைவலியும் குமட்டலும் எச்சரிக்கையாக வரும். உறங்குபவனுக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. டீசல் புகையில் இது பெட்ரோல் புகையில் உள்ளதைவிடக் குறைவுதான். ஆயினும் குறைவு என்பது இல்லை என்பதாகாது. கரி வாளியோ அதைவிடப் பன்மடங்கு கொடியது. மலையூர்களில் பூட்டிய அறைக்குள் கரிச்சட்டி வைத்து உறங்கியவர்கள் காலையில் எழாமற்போன செய்திகளை நாளிதழ்களில் நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். கேபின் என்பது அறையைவிடச் சிறியது. "இன்று இரவே வாளியை இறக்கிவிடுங்கள், கம்பளியை இரட்டையாகப் போர்த்திக்கொள்ளுங்கள்" என்றோம். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "சரிங்க சாமி, ஆனா வண்டி எழும்பலேன்னா?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லாமல் வாளியை மட்டும் இறக்கச் சொல்வது அரைகுறை ஆலோசனையே.

குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள். டீசல் என்ஜினைக் கற்பித்தது பங்கிலிருந்த ஒரு பழைய ஜீப்பும், அதை உயிரோடு வைத்திருந்த ஒரு முதிய மெக்கானிக்கும். அவர் முதலில் சொன்ன பாடம்: "சாமி, இதுல தீப்பொறி கிடையாது. சூடுதான் எல்லாம்." பெட்ரோல் என்ஜினில் பிளக் பொறி தட்டிப் பற்றவைக்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897இல் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய இந்த என்ஜினில் அவ்வாறில்லை. காற்றை ஏறத்தாழ பதினாறு முதல் இருபது மடங்குவரை சுருக்கி அழுத்தினால் அது 500 டிகிரிக்கு மேல் கொதிக்கும். அதில் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் பிள்ளைகளும் அறிவர், அதே தத்துவம். உறைபனி இரவில் இரும்பெல்லாம் குளிர்ந்து கிடக்க, அழுத்திய காற்றின் சூட்டை இரும்பே விழுங்கிவிடுகிறது. செல்ஃப் மோட்டார் வேகமாகச் சுற்றினால் சூடு தப்பும். மெதுவாகச் சுற்றினால் கசிந்து போகும்.

ஆகவே முதற்குற்றவாளி பெரும்பாலும் பேட்டரியே. குளிரில் அதன் வலிமை குறைகிறது. அதே வேளையில் என்ஜின் ஆயிலும் பாகாகி, சுற்றுவதற்கு அதிக வலிமை கேட்கிறது. லாரியில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு சேர்ந்து 24 வோல்ட் தருகின்றன. ஒன்று நலிந்தால் மற்றதும் பயனற்றுப் போகும். எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும். முழுச் சார்ஜில் ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்குக் கீழே நின்றால் அது பசித்த பேட்டரி. டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் படிவத்தை, எர்த் வயரை முதலில் கழற்றிவிட்டு, சுடுநீரால் கழுவித் துடைத்து இறுக்கிப் பூட்டுக. என்ஜினிலிருந்து சேஸிக்குச் செல்லும் எர்த் பட்டையையும் மறவாதீர். புதுப் பேட்டரிக்குப் பணம் கொடுத்த பின், தளர்ந்திருந்தது அந்த ஒரு போல்ட்தான் என்று கண்டவர்கள் பலர். செல்ஃபை ஒரே மூச்சில் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் அழுத்தலாகாது. அதன்பின் இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் வண்டி எழவில்லையெனில் பின்னால் சென்று புகைக்குழாயைப் பாருங்கள். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று பொருள்: சூடு போதவில்லை. சிறு வண்டிகளில் ஹீட்டர் பிளக் பழுதாயிருக்கலாம். அந்த விளக்கு அணையும்வரை பொறுக்காமல் சாவியைத் திருப்புவோரும் உண்டு. புகையே வராவிட்டால் டீசல் போய்ச் சேரவில்லை. அப்போது முதலில் ஸ்டாப் கம்பியைப் பாருங்கள். இதைச் சொல்ல நமக்குச் சற்றுக் கூச்சந்தான். ஒரு மார்கழி அதிகாலை, கிளைப்பங்கொன்றில் திருப்பலிக்குப் புறப்பட்டு, ஜீப்பின் பேட்டரி ஓயும்வரை செல்ஃப் அடித்தோம். மேற்சொன்ன முதியவர் வந்தார். ஒன்றும் பேசாமல், குளிரில் இறுகி வெளியே நின்றுவிட்ட ஸ்டாப் பிடியை உள்ளே தள்ளினார். பத்துப் பேர் தள்ள, ஜீப் கிளம்பியது. அன்று பிரசங்கம் சுருக்கமாக அமைந்தது.

ஸ்டாப் சரியாயிருந்தால் அடுத்து டீசலைப் பாருங்கள். மார்கழியில் தேங்காயெண்ணெய் புட்டிக்குள் உறைவதைக் காணாத இல்லத்தரசி யார்? டீசலிலும் மெழுகுத்தன்மை உண்டு. குளிரில் அது துகள்களாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். நம் நாட்டுத் தர விதி, டீசல் ஓடாமல் உறையும் நிலைக்குக் குளிர்காலத்தில் 3 டிகிரி, மற்றக் காலத்தில் 15 டிகிரி செல்சியஸ் என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறது. சமவெளியில் நிரப்பி, உறைபனி விழும் மேட்டில் இரவு நிறுத்தும் வண்டிக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி. லடாக் போன்ற இடங்களுக்கென்றே, பூச்சியத்துக்குக் கீழே 33 டிகிரிவரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல் வெளியிட்டது. நம் மலைகளுக்கு அவ்வளவு தேவையில்லை. ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதும், அதன் அடியில் தேங்கும் நீரை வடிப்பதும், இரவில் டாங்கை நிரப்பி நிறுத்துவதும் போதும்; காலி டாங்கில்தான் பனி நீராய் இறங்கும். அடைத்துவிட்டால் சுடுநீரில் நனைத்த துணியை ஃபில்டரைச் சுற்றி வையுங்கள். மண்ணெண்ணெய் கலப்பது பம்பையும் நாசிலையும் தேய்த்துவிடும், சட்டப்படியும் குற்றம். டாங்கின் அடியில் பந்தம் காட்டுவதையும், ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் துணி வைப்பதையும் பற்றி எழுதவே கை நடுங்குகிறது.

ஃபில்டர் மாற்றிய பின்போ, எங்கேனும் வாஷர் கசிந்தோ, குழாயில் காற்று நுழைந்திருந்தால் ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் தலையிலுள்ள திருகைச் சிறிது தளர்த்தி, கைப் பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வழியும்போது இறுக்குக. பழைய வண்டிகளுக்கு மட்டுமே இது. 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ். 6 வண்டிகளில் நாசில் குழாய்களைத் தளர்த்தாதீர். அங்குள்ள அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே பாயக்கூடியது. அவற்றைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் தொலைபேசியில் கேட்ட கணவர் ஒன்றை ஒப்புக்கொண்டார். செல்ஃப் கைவிட்ட நாட்களில் வண்டியைச் சரிவில் உருட்டி கியர் போட்டு எழுப்புவாராம். முன்சக்கரத்துக் கல்லை எடுப்பவன் தம்பி. சரக்கு ஏற்றிய வண்டி! இரவெல்லாம் நின்றதில் பிரேக்குக்கான காற்று இறங்கியிருக்கும். அதை மீண்டும் நிரப்ப என்ஜின் ஓட வேண்டும். என்ஜின் எழாமல் வண்டி உருண்டால் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் கல்லாய்க் கனக்கும். முன்னால் குனிந்திருப்பவன் வெளியே தாவ ஒரு விநாடி இருக்குமா? புனித கிறிஸ்தோபர் படம் கேபினில் இருக்கிறது என்றார். "படம் இருக்கட்டும், கல்லுக்கு முன்னால் இருப்பது உங்கள் மைத்துனன் அல்லவா?" என்றோம். நம் குரல் சற்று உயர்ந்துவிட்டது என்று பின்னர் வருந்தினோம், சொன்னதற்காக வருந்தவில்லை.

பிள்ளைகள்மேல் கோபத்தைப் பற்றியும் பேசினோம். அது அவருக்கும் நமக்கும் இடையிலானது, இங்கே எழுதுவதற்கில்லை.

சென்ற வாரம் சகோதரியிடமிருந்து இரண்டாம் கடிதம் வந்தது. இரு பேட்டரிகளில் ஒன்று செத்திருந்ததாம். எர்த் பட்டை துருவேறிப் பாதி அறுந்திருந்ததாம். ஆயிலும் கோடைக்கேற்ற கனமான வகை. இப்போது 15டபிள்யூ-40 மாற்றியிருக்கிறார்கள். பேட்டரிக்கான பணத்தை மண்டிக்காரர் முன்பணமாகக் கொடுத்தார். கரி வாளி இப்போது கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கப் பயன்படுகிறது. தம்பி வீட்டில் உறங்குகிறான். விடியற்காலை மூன்று மணிக்கு லாரியை எழுப்புவதைவிட அவனை எழுப்புவதே இப்போது பெரும்பாடாக இருக்கிறதென்று எழுதியிருக்கிறார்.