கட்டிப் புரண்டு கண்ட நட்பு

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்)

"ஏண்டா, அடிபடறதுக்கா ஏரோப்ளேன் ஏறிப் போகணும்? நம்ம ஊர்ச் சந்தையில போய் நின்னாப் பத்தாதா?"

என் பெரியம்மா கேட்ட கேள்வி இது. அபுதாபியில் ஏ.சி. மெக்கானிக்காக வேலை பார்க்கும் பெரியம்மா மகன், என் அண்ணன், சென்ற விடுமுறையில் சேலத்தை அடுத்த எங்கள் ஊருக்கு வந்திருந்தார். அடுத்து தாம் போக விரும்புவது பிரேசில் நாடு என்றும், ஜியு-ஜிட்சு என்னும் மற்போர்க் கலையை அங்கே சில வாரம் பயில்வதும் நண்பர்களைக் காண்பதுமே நோக்கம் என்றும் சொன்னார். அப்போது பிறந்த கேள்விதான் அது. விடுதியில் என் அறைத் தோழர்களும் அதையே கேட்டார்கள். பேராசிரியர் ஒருவரும் சிரித்தபடி கேட்டார். நட்பைத் தேடிப் போகிறவன் கையைக் குலுக்குவானா, கழுத்தை நெரிப்பானா?

நியாயமான கேள்விதான். ஆனால் கழுத்தை நெரிக்கும் இடத்திலிருந்துதான் அந்த நட்பே தொடங்குகிறது என்பது என் கட்சி. இக்கலையைக் கற்றவர் ஒரே பள்ளிக்குள் அடைந்து கிடக்காமல், ஊர் ஊராக, நாடு நாடாகச் சென்று அயலாரோடு பயில வேண்டும் என்பதும் என் கட்சியே.

இக்கலையைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். இதில் குத்து இல்லை, உதை இல்லை. தடித்த பருத்திச் சட்டை அணிந்து, இடையில் பெல்ட் கட்டி, மெத்தைப் பாயின்மேல் இருவர் பிடி போடுகிறார்கள். எதிராளியைக் கீழே வீழ்த்துவதோடு நம் மற்போரில் வெற்றி முடிந்துவிடும்; இங்கோ ஆட்டமே அதற்குப் பிறகுதான். மல்லாந்து கிடப்பவன் தோற்றவன் அல்லன். கிடந்தபடியே தன் கால்களால் மேலிருப்பவனின் இடையைப் பின்னிக்கொண்டு, அவன் கையை மடக்கிப் பூட்டலாம். அவன் சட்டைக் கழுத்துப் பட்டியைக் கொண்டே அவன் கழுத்தை இறுக்கலாம். பூட்டு விழுந்துவிட்டது என்று தெரிந்ததும், சிக்கியவன் உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை தட்டுகிறான். தட்டிய நொடியே மற்றவன் விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் மூட்டு நழுவும். கழுத்தின் இரு பக்கத்து இரத்தக் குழாய்களும் அழுந்திச் சில நொடிகளில் நினைவு தப்பும்.

இந்தத் தட்டல்தான் எனக்கு எல்லாமாகப் படுகிறது. பெயர் தெரியாத ஒருவனிடம், மொழி தெரியாத ஒருவனிடம், நம் கழுத்தைக் கொடுத்துவிட்டு, 'நான் தட்டினால் நீ விட்டுவிடுவாய்' என்று நம்புகிறோம். அவன் விட்டுவிடுகிறான். பிறகு இருவரும் கை தொட்டுக்கொண்டு மறுபடி தொடங்குகிறோம். ஐந்து நிமிடத்தில் இது நான்கு முறை நடந்துவிட்டால், அந்த மனிதனைப் பற்றி அவனோடு ஐந்து மாதம் தேநீர் குடித்தாலும் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா?

வரலாற்று மாணவன் ஆகையால் இக்கலையின் வரலாற்றுக்குள் நுழையாமல் இருக்க முடியவில்லை. பொறுத்தருள்க.

பிரேசில் ஜியு-ஜிட்சு என்று இன்று உலகம் அழைப்பது பிரேசிலில் முளைத்ததன்று. கானோ ஜிகோரோ என்ற ஜப்பானியக் கல்வியாளர் 1882ஆம் ஆண்டில் டோக்கியோ நகரத்துப் புத்தர் கோயில் ஒன்றில், 12 பாய்கள் விரித்த அறையில், 'கோடோகான்' என்ற பள்ளியைத் தொடங்கினார். பழைய ஜப்பானிய மற்போர் முறைகளைச் சீர்திருத்தி 'ஜூடோ' என்று பெயரிட்டவர் அவரே. அப்பள்ளியில் பயின்றவர் மயேதா மிட்சுயோ. 1878இல் ஜப்பானின் வடகோடியை ஒட்டிய அவோமோரியில் பிறந்தவர், உயரம் குறைந்தவர்.

மயேதா 1904இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1905இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் ஒரு மாணவ வீரரோடு மோதியபோது ஒரு வேடிக்கை நடந்தது. அந்த வீரர் மயேதாவைக் கீழே அழுத்தித் தோள்களைத் தரையில் பதித்ததும், தாமே வென்றதாக எண்ணிவிட்டார். அவர் நாட்டு விதி அப்படி. மயேதாவோ கீழிருந்தபடியே போரைத் தொடர்ந்து, அவர் மூட்டைப் பூட்டி ஒப்புக்கொள்ள வைத்தார். இரண்டு நாடுகளின் இரண்டு இலக்கணங்கள் ஒரே பாயில் மோதிக்கொண்ட காட்சி அது!

அதன் பிறகு அவர் கால் நிற்கவில்லை. பிரிட்டன், பெல்ஜியம், ஸ்பெயின், கியூபா, மெக்சிகோ என்று சுற்றினார். செல்வந்தர் உலகம் சுற்றும் சுற்றுலா அன்று அது. மேடையேறி மல்லுக் கட்டி, கிடைத்த பணத்தில் அடுத்த ஊருக்குச் சீட்டு வாங்கிய பிழைப்பு. ஸ்பெயினில் அவருக்குக் கிடைத்த மேடைப் பெயர் 'கோண்டே கோமா'. கோண்டே என்றால் பிரபு என்று பொருள். காசில்லாத பிரபு! 1914இல் பிரேசிலை அடைந்தார். அமேசான் ஆற்று முகத்துவாரப் பகுதியிலுள்ள பெலெம் நகரில் தங்கி, அங்கேயே குடிமகனாகி, 1941இல் அங்கேயே மறைந்தார். பெலெமில் அவரிடமும் அவர் மாணவர்களிடமும் கற்ற இளைஞருள் கார்லோஸ் கிரேசி என்பவர் ஒருவர். அவரும் அவருடைய தம்பி எலியோவும் பிறரும் அதை வளர்த்ததால் விளைந்ததே இன்றைய பிரேசில் ஜியு-ஜிட்சு.

(இடையில் ஒரு செய்தி. பெலெம் நகரம் இருக்கும் பாரா மாநிலத்தில் 1929இல் தோமே-அசு என்ற இடத்தில் ஜப்பானியர் குடியேறினர். அக்குடியேற்றத்துக்கு மயேதாவும் உதவினார். 1933இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டு சென்ற மிளகுக் கன்றுகள் பின்னாளில் அவர்களை வாழவைத்தன. மிளகோ நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுப் பிள்ளை. உலகம் சுற்றுவது மனிதன் மட்டும்தானா?)

1951ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த ஜூடோ வீரர் கிமுரா மசஹிகோவை எலியோ கிரேசி எதிர்த்தார். கிமுரா எடையிலும் வலிமையிலும் மிக்கவர். எலியோவின் கையை முதுகுப் பக்கமாக முறுக்கிப் பூட்டினார். கை முறிந்தது, எலியோ தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் ஆட்டத்தை நிறுத்தித் தோல்வியை ஒப்புக்கொண்டார். இது பகையாக முற்றியிருக்க வேண்டிய கதை. ஆனால் பிரேசிலியர் செய்தது என்ன தெரியுமா? தம் வீரரின் கையை முறித்த அந்தப் பூட்டுக்குக் 'கிமுரா' என்றே பெயர் வைத்தார்கள். இன்று உலகில் எந்த ஊர்ப் பயிற்சிப் பள்ளிக்குப் போனாலும் அப்பெயரே வழக்கம். தோற்ற வீட்டுப் பிள்ளைக்கு வென்றவன் பெயரைச் சூட்டியது போல!

எல்லாம் இனிமை என்று நான் சொல்லவில்லை. விளையாட்டு என்றாலே சகோதரத்துவம் வளரும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். அதை நான் நம்புவதில்லை. ரியோ நகரில் இதே கலையைக் கற்ற இளைஞர் கூட்டங்கள் தெருவில் அடிதடியில் இறங்கிய காலமும் உண்டு. ஜியு-ஜிட்சுக்காரருக்கும் 'லூட்டா லிவ்ரே' என்ற மற்றொரு மற்போர் முறையினருக்கும் இருந்த பகை 1991இல் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட மோதல் வரை சென்றது. ஒரு பள்ளியை விட்டு மற்றொரு பள்ளிக்குப் போன மாணவனைத் 'துரோகி' என்னும் பொருளில் 'கிரியோந்தி' என்று தூற்றினார்கள். வேறு பள்ளியில் ஒருநாள் பயின்றாலே முகம் கடுக்கும் ஆசிரியர்கள் இன்றும் உண்டு.

ஆக, நட்பை வளர்ப்பது பாய் அன்று, பூட்டும் அன்று. விருந்தாளியாகப் போவதுதான் வளர்க்கிறது. தன் பள்ளியில், தன் கூட்டத்தின் நடுவே இருப்பவனுக்கு வீம்பு வரும். தனியே ஒரு பையோடு அயலூர்ப் பள்ளியின் வாசலில் நிற்பவனுக்கு வீம்பு எங்கிருந்து வரும்? அவனுக்குப் பின்னால் கூட்டம் இல்லை. வருமுன்பே அனுமதி கேட்டிருக்க வேண்டும். சட்டை துவைத்ததாக, நகம் வெட்டியதாக இருக்க வேண்டும். உடம்பில் படர்தாமரை இருந்தால் பாயில் கால் வைக்கக் கூடாது; அது ஒரே வாரத்தில் பள்ளி முழுவதும் பரவிவிடும். செருப்பைப் பாயின் ஓரத்தில் விட வேண்டும். அவ்வூர் ஆசிரியர் சொல்லித்தருவதை, தனக்குத் தெரிந்ததே ஆயினும், புதிதாகக் கேட்பது போலக் கேட்க வேண்டும். 'எங்கள் ஊரில் இப்படிச் செய்வோம்' என்று ஆரம்பித்தானோ கெட்டது காரியம். அடக்கம் என்பதை நம் நீதி வகுப்புகளில் படித்ததைவிட இது விரைவாகப் படியும் என்றே தோன்றுகிறது. வீட்டுக்காரருக்கும் சோதனை உண்டு. வந்தவனைப் பதம் பார்க்கும் ஆசை யாருக்குத்தான் வராது? அந்த ஆசையை அடக்கி, அவன் பலவீனம் தெரிந்தும் மெதுவாகப் பூட்டுகிறவனே நல்ல நண்பன் ஆகிறான்.

'ஓர் ஆசிரியரை விட்டு ஊர் சுற்றுகிறவனுக்குக் கலை ஒட்டுமா?' என்று கேட்பவர்களின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. வெள்ளை பெல்ட்டில் தொடங்கி நீலம், ஊதா, பழுப்பு கடந்து கறுப்பை எட்டப் பெரும்பாலோர்க்குப் பத்தாண்டு ஆகிறது. அந்தப் பத்தாண்டையும் நாள்தோறும் பார்த்துத் திருத்த ஒருவர் வேண்டும். வழிப்போக்கருக்கு அவ்வளவு பொறுமை இராது. முதல் சில ஆண்டுகள் ஓரிடத்தில் வேரூன்றட்டும், மறுக்கவில்லை. ஆனால் வெளியே போகாதே என்று கதவைச் சாத்தும் ஆசிரியர், அலைந்து திரிந்த மயேதாவின் கலையைத்தான் தாம் கற்றுக்கொடுக்கிறோம் என்பதை எப்படி மறந்தார்?

எனக்கு உண்மையிலேயே உறுத்துவது வேறு. உலகம் சுற்றக் காசு யாரிடம் இருக்கிறது? ஐரோப்பிய இளைஞன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். நம்மவன் விசாவுக்கு வங்கிக் கணக்கைக் காட்ட வேண்டும். நம் கல்லூரியில் பேருந்துச் சலுகை அட்டை இல்லாவிட்டால் வகுப்புக்கே வர முடியாதவர் எத்தனை பேர்! பிரேசிலிலும் இந்தப் பிரிவினை இருந்தது. கலை வசதியுள்ளோர் கைக்குள் இருந்த நாளில், ரியோவின் புறநகர்ப் பகுதியில் ஒஸ்வால்டோ ஃபாடா என்பவர் காசில்லாத பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். 1950களில் அவருடைய மாணவர்கள் கிரேசிப் பள்ளி மாணவர்களோடு மோதி, ஏளனமாகக் கருதப்பட்ட காற்பூட்டுகளாலேயே வென்றார்கள். ஃபாடாவின் ஆசிரியரும் மயேதாவின் வழியில் வந்தவரே. பயணியின் கலை பணக்காரன் வீட்டோடு நின்றுவிடவில்லை.

என் அண்ணனும் கலைக்காகக் கடல் கடந்தவர் அல்லர், கடனுக்காகக் கடந்தவர். அபுதாபியில் 2008 முதல் பள்ளிகளிலேயே ஜியு-ஜிட்சு கற்பிக்கப்படுகிறது. அதற்காகப் பிரேசிலிலிருந்து ஆசிரியர்கள் வந்து குவிந்திருக்கிறார்கள். அப்படி ஒருவர் நடத்தும் பயிற்சிக் கூடத்தில் ஏ.சி. பழுதாகிவிட்டது. பழுது பார்க்கப் போன அண்ணன், வேலை முடிந்தும் போகாமல் ஏணியடியில் நின்று வேடிக்கை பார்த்தார். ஆசிரியர் கையசைத்துப் பாய்க்கு அழைத்தார். கட்டணம் கட்ட வழியில்லை என்றார் அண்ணன். ஏ.சி.யைக் கவனித்துக்கொள், வகுப்பு முடிந்ததும் பாயைத் துடைத்துவிடு, போதும் என்றார் அவர். நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பாயில் பிலிப்பைன்ஸ்காரர் இருக்கிறார், எகிப்தியர் இருக்கிறார், அரபு மாணவர் இருக்கிறார். ஆறு பேர் படுக்கும் அறையில் அண்ணன் காய்ச்சலாகக் கிடந்தபோது மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர் அந்த எகிப்தியர். 'முதல் நாள் அவன் என்னைப் பதினோரு தடவை தட்ட வச்சான்' என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார் அண்ணன்.

அந்த ஆசிரியரின் சொந்த ஊர் பெலெம். மயேதா வாழ்ந்து மறைந்த அதே பெலெம். 'என் அம்மா வீட்டில் தங்கு' என்று அழைத்திருக்கிறார். அண்ணன் அதற்காக இரண்டு ஏலச்சீட்டுப் போட்டிருக்கிறார்.

விடுமுறைக்கு வந்தபோது அந்த அம்மா மகனுக்கு அனுப்பிய உணவுப் பொருளில் ஒரு பொட்டலத்தை அண்ணன் கொண்டுவந்திருந்தார். மஞ்சள் நிறத்தில் கொரகொரப்பான மாவு. பெலெமில் மீனோடும் அசாயிப் பழக்கூழோடும் அதைச் சேர்த்து உண்பார்களாம். பெரியம்மா ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தார்.

"இது நம்ம குச்சிக்கிழங்கு மாவுடா!"

ஆம், அதேதான். சேலம் வட்டாரமெங்கும் வயல் வயலாக நிற்கும் மரவள்ளி, தென் அமெரிக்காவிலிருந்து நமக்கு வந்தது. நான் அதைச் சொன்னதும் பெரியம்மா நம்பவில்லை. பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "அந்தம்மா வயசானவங்களா? அவங்க வீட்டுக்கு வெறுங்கையோடயா போவே?" என்று கேட்டுவிட்டு, நார்த்தங்காய் ஊறுகாய் எத்தனை நாள் தாங்கும் என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.