வெயிலில் வெளுத்த எலும்புகள்

வற்றிய கண்மாயில் மாட்டெலும்பு கிடந்தால், ஆலங்குடிப் பகுதியினராகிய நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்போம். அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் அம்மையாரோ குனிந்து எடுத்தார். 1929-இல் நியூ மெக்ஸிகோ பாலைநிலம் கண்ட அவர், மறு ஆண்டு வறட்சியில் மடிந்த கால்நடைகளின் எலும்புகளைப் பீப்பாயில் நிரப்பி நியூயார்க்கிற்கு அனுப்பினார். (சுமை தூக்கியோர் என்ன நினைத்தனரோ!) அவருக்கு அவை சாவின் சின்னங்களல்ல. செம்மறிக்கடாவின் கொம்புச் சுருளைக் கரித்துண்டால் வரைந்தார். இடுப்பெலும்பின் துளைவழியே தெரிந்த நீலவானைத் தீட்டினார்.

சிறுமியாக மாடிசன் நகரில் டொமினிக்கன் கன்னியர் பள்ளியில் பயின்றபோது, அவர் வரைந்த கை மிகச் சிறிதென அருட்சகோதரி ஒருவர் கடிந்துகொண்டார். இனிச் சிறிதாய் வரைவதில்லையென அன்றே உறுதிபூண்டாராம். கடிந்துரையும் சில வேளை கண்திறக்கும்போலும்!

முதுமையில் பார்வை மங்கிற்று. 1972-க்குப் பின் துணையின்றி எண்ணெய் வண்ணம் தீட்ட இயலவில்லை. பென்சிலையும் கரித்துண்டையும் 1984 வரை, தொண்ணூற்றாறு வயதிலும், அவர் கீழே வைக்கவில்லை.