இயந்திரம் வருமுன்



ஆய்வுக்கூடத்தில் நான் கண்ட சிறு நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். சென்ற ஆண்டு எங்கள் துறைக்கு மின்னணுத் தராசு ஒன்று வந்தது. ஒரு கிராமைப் பதினாயிரம் பங்காக்கினால், அதில் ஒரு பங்கையும் காட்ட வல்லது. எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால், வந்த நாள் முதல் அதன் எண்கள் ஓரிடத்தில் நில்லாமல் அலைந்தன. பழைய தராசைப் பல்லாண்டு காத்துவந்த முதிய உதவியாளர்மீது பழி விழுந்தது. 'சாச்சா' என்று நாங்கள் அழைக்கும் அவருக்குப் புதுமை பிடிக்கவில்லை, கை பழகவில்லை என்றார்கள். நானும் அவ்வாறே எண்ணினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று வாரம் கழித்தே ஒருவர் அவரிடம் காரணம் கேட்டார். "அடுத்த அறையில் பம்பு ஓடும்போதெல்லாம் இந்த மேஜை நடுங்கும். பழைய தராசைக் கற்பலகைமேல் வைத்திருந்தோமே, அது அதற்காகத்தான்" என்றார் சாச்சா.

"முன்பே ஏன் சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லையே!"

அன்று மாலையே தராசு கற்பலகைக்கு மாறியது, எண்களும் நின்றன.

ஆய்வுக்கூடத்தில் போனவை மூன்று வாரங்கள். நாடு தழுவிய தொழில்களில் போனவை ஆண்டுகள்! 1960-களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவில் கம்ப்யூட்டரை நிறுவ முற்பட்டபோது, ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் நின்று தடுத்தனர். அறியாமை என்று அதனைச் சிரித்து ஒதுக்குவது எளிது. வேலை போய்விடுமோ என்ற அச்சம் அறியாமையா? அடுப்பு எரிய வேண்டுமே என்ற கவலை பிற்போக்கா?

வங்கிகள் வேறு வழி கண்டன. எத்தகைய இயந்திரம், எந்த அளவில் வரலாம் என்பதை வங்கிகளின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் பேசி, 1983-ல் உடன்படிக்கை செய்துகொண்டன. அரியலூரில் பிறந்த டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த ரிசர்வ் வங்கிக் குழு, 1984-ல் கணினிமயத்துக்கு வழி வகுத்துக் கொடுத்தது. 1993-ல் மீண்டும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. இவ்வளவு பேச்சு எதற்கு, காலம் வீணாயிற்றே என்பார் உண்டு. பேசியதால் வேகம் குறைந்திருக்கலாம். ஆனால் பேசாமல் புகுத்த முயன்ற கல்கத்தாவில் வாயிலே அடைபட்டது!

நான் இயந்திரத்துக்குப் பகைவன் அல்லன். விஞ்ஞான மாணவன் அவ்வாறு இருத்தலும் இயலாது. நான் வேண்டுவன மூன்றே. இயந்திரத்தை வாங்குமுன், அதனோடு உழைக்கப்போகிறவரைக் கேளுங்கள். பழையதை அகற்றுமுன், புதியதைக் கற்க வேலை நேரத்திலேயே அவகாசம் தாருங்கள். மிச்சமாகும் உழைப்பின் பயனில் உழைத்தவனுக்கும் ஒரு பங்கு வையுங்கள்.

இங்கு வந்த முதல் மாதத்தை நினைத்துப் பாருங்கள், நண்பர்களே! மொழி தெரியாமல், விடுதிச் சாப்பாட்டு அறையில் இன்னும் ஒரு ரொட்டி கேட்கவும் நா எழாமல் நின்றோம். நாம் அறிவிலிகளா? இல்லை, புதியவர்கள். யாரோ ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார், நாமும் கற்றுக்கொண்டோம். ஐம்பது வயதில் புதிய திரையின் முன் அமர்த்தப்படும் குமாஸ்தாவின் நிலையும் அதுவேயன்றோ?

இன்று செயற்கை நுண்ணறிவு அலுவலகந்தோறும் நுழைகிறது. அதனைக் கொண்டுபோய் நிறுவும் பொறியாளராகவும் மேலாளராகவும் நாளை செல்லப்போகிறவர்கள் நாமே. அன்று, மேஜை நடுங்கும் காரணத்தை அறிந்த ஒருவர் அந்த அறையின் மூலையில் நின்றுகொண்டிருப்பார். அவர் தாமாகச் சொல்லமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.